ஜிஎம்முக்குப் பிடி கொடுங்கள்: ஆன்லைன் ரோல்பிளே ஆட்டத்துக்கு முன்கதை எழுத, அதை ஆட்டத்தில் இறக்க முழு வழிகாட்டி

புதிதாக எங்கள் குழுவில் சேர்ந்த ஒருவர் தன் கேரக்டரின் முன்கதையைப் பதினொரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். ராஜ வம்சம், மூன்று போர், ஒரு காதல், இரண்டு துரோகம் எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் துரோகியைத் தேடிப் பிடித்து வெட்டியும் விட்டார். நான் அந்த ஆட்டத்தின் ஜிஎம் (கேம் மாஸ்டர்), அதாவது மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆட, உலகத்தையும் கதையையும் நடத்துபவர். படித்து முடித்ததும் எனக்கு ஒரே யோசனைதான்: இனி இந்த ஆள் எதற்காக வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்?

அதே வாரம் இன்னொருவர் ஒற்றை வரி அனுப்பினார். "பெற்றோர் இல்லை, ஊர் இல்லை, யாரையும் நம்ப மாட்டான்."

ஒன்று பதினொரு பக்கம், மற்றொன்று ஒரு வரி. ஆனால் இரண்டிலும் குறை ஒன்றுதான். இரண்டுமே பிடி கொடுக்கவில்லை. முதலாமவரின் கதையில் எல்லாம் முடிந்துவிட்டது, இரண்டாமவரின் கதையில் எதுவும் தொடங்கவே இல்லை. ஜிஎம் கை வைத்து இழுக்க ஒரு நுனி கூட இல்லை. முன்கதை எழுதுவதில் மற்றதெல்லாம் பிறகு, முதலில் பார்க்க வேண்டியது இந்த நுனியைத்தான்.

நான் பேசுவது ஜிஎம் ஒருவர் நடத்தும் ஆட்டங்களைப் பற்றி. டிஸ்கார்டில் குரல், ரோல்20 அல்லது ஃபவுண்ட்ரி என்ற ஆட்ட மென்பொருளில் வரைபடம், வாரம் ஒரு இரவு என்று ஆடுவது ஒரு வகை. எழுத்திலேயே ஆடுவது இன்னொன்று. எந்நேரமும் திறந்திருக்கும் சர்வரில் பலர் ஆட, ஜிஎம்கள் அவ்வப்போது வந்து கதையை நகர்த்துவது மூன்றாவது. எடுத்துக்காட்டுகளுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் உள்ளே நுழையும் வாசல் அதுதான்.

முன்கதை ஆரம்பத்தில் இவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது கேரக்டர் என்றால் சில எண்கள், ஒரு பெயர், கொஞ்சம் சாமான். நிலவறைக்குள் போய் உயிரோடு திரும்பினால்தான் கதையே உருவாகும். 1977-ல் வந்த டிராவலர் விண்வெளி ஆட்டம் நேர் எதிர்த் திசையில் போனது. ராணுவத்திலோ கப்பலிலோ உங்கள் கேரக்டர் கழித்த ஆண்டுகளை டைஸ் உருட்டியே தீர்மானிக்க வேண்டும். அந்த உருட்டலிலேயே, ஆட்டம் தொடங்கும் முன்பே, கேரக்டர் செத்தும் போகலாம்! 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒவ்வொரு பின்னணிக்கும் (கேரக்டர் முன்பு வாழ்ந்த வாழ்க்கைக்கும்) நான்கு வரிகள் கேட்டது: குணம், கொள்கை, பற்று, குறை. 2024 பதிப்பில் அந்தப் பட்டியல்கள் போய்விட்டன. பின்னணி என்பது இப்போது திறன் புள்ளியும் ஒரு தனித்திறமையும் தருவதாக மாறிவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான். புதியவர்களுக்கு அந்த நான்கு வரிகள் நல்ல ஊன்றுகோல். நீங்கள் எந்தப் பதிப்பை ஆடினாலும், ஒரு தாளில் அந்த நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

படி 1: எழுதும் முன் கேளுங்கள்

பேனாவை எடுக்குமுன் ஜிஎம்மிடம் பேசுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடிப் பேசும் கூட்டத்துக்கு செஷன் ஜீரோ என்று பெயர். அது இல்லாமல் முன்கதை எழுதுவது மனையின் அளவு தெரியாமல் வீட்டுக்கு வரைபடம் போடுவது போல.

கேட்க வேண்டியவை சிலதான். இது எப்படிப்பட்ட உலகம்? சிரிப்பா, இருட்டா? எத்தனை செஷன் (ஒருமுறை கூடி ஆடுவது ஒரு செஷன்) ஓடும்? எந்த லெவலில் தொடங்குகிறோம்?

லெவல் முக்கியம். ஐந்தாம் பதிப்பில் சாதாரணக் குடிமகனுக்கு உயிர்ப்புள்ளி (அடி தாங்கும் அளவு) 4. முதல் லெவல் வீரனுக்குப் பத்துக்கு மேல் சில புள்ளிகள். அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிப்பட்டவன் முன்கதையில் டிராகனைக் கொன்றிருந்தால், முதல் செஷனில் இரண்டு கோப்லின்கள் சேர்ந்து அவனைக் கீழே சாய்க்கும்போது டேபிளே சிரிக்கும். டிராகனைக் கண்டு ஓடியவன் என்று எழுதுங்கள். அது முதல் லெவலுக்கும் பொருந்தும், ஜிஎம்முக்கும் ஒரு டிராகன் கிடைக்கும்.

எத்தனை செஷன் என்பதை ஏன் கேட்கச் சொல்கிறேன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பிளேயர், பன்னிரண்டு செஷன். பாதி பொதுக்கதைக்குப் போய்விடும். மிச்சம் ஆறு. ஆளுக்கு ஒன்றரை செஷன். உங்கள் முன்கதைக்குக் கிடைக்கும் மொத்த மேடை இவ்வளவுதான். இதற்குப் பதினொரு பக்கம் எதற்கு?

அப்புறம், எதெல்லாம் வேண்டாம் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். 2003-ல் ஆட்ட வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த ஒரு முறை இன்றும் புழங்குகிறது. "கோடு" என்று சொன்னால் அந்த விஷயம் ஆட்டத்தில் வரவே கூடாது. "திரை" என்றால் நடக்கலாம், ஆனால் திரைக்குப் பின்னால், விவரிக்காமல். குழந்தைகளுக்குத் துன்பம் என்பது ஒருவருக்குக் கோடாக இருக்கலாம். அப்போது உங்கள் கேரக்டர் அனாதை இல்லத்தில் பட்ட அடிகளை எழுதி ஜிஎம் கையில் கொடுத்துப் பயனில்லை. ஆன்லைனில் இது நேர் டேபிளைவிட அதிகம் தேவை. கேமரா பாதிப் பேருக்கு அணைந்திருக்கும், யாருடைய முகம் வாடியது என்று தெரியாது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு முறையை நாங்கள் சாட்டில் வைத்திருக்கிறோம். யாராவது எக்ஸ் என்று ஒற்றை எழுத்தைத் தட்டினால் காட்சி அங்கேயே நிற்கும். காரணம் கேட்பதில்லை.

படி 2: ஒரே ஒரு சம்பவத்தில் தொடங்குங்கள்

பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். உங்கள் கேரக்டர் இப்போது ஏன் வீட்டில் இல்லை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதினால் முன்கதையின் முக்கால்வாசி முடிந்தது.

எங்கள் குழுவில் ஒரு தோழி ஆடிய இல்சா என்ற கேரக்டரை எடுத்துக்கொள்வோம். மணி வார்ப்பவள். தோழி முதலில் எழுதியது இது:

"இல்சா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிறந்தாள். சிறு வயதிலேயே தாயை இழந்தாள். மணி வார்க்கும் தொழிலைக் கற்றாள். ஒரு வெள்ளத்தில் ஊர் அழிந்தது. அன்றிலிருந்து மனதில் பாரத்தோடு அலைகிறாள்."

தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதில் இல்சா என்ன செய்தாள்? எதுவும் செய்யவில்லை. எல்லாம் அவளுக்கு நடந்தது. வெள்ளத்தோடு யார் சண்டை போட முடியும்? நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "வெள்ளம் வந்த ராத்திரி அவள் வார்த்த மணி என்ன ஆச்சு?"

இரண்டு நாள் கழித்து வந்தது:

"கார்வென் ஊரின் வெள்ள எச்சரிக்கை மணியை வார்த்தவர்கள் இல்சாவும் அவள் குரு ஓட்ரிக்கும். வெள்ளீயம் போதவில்லை. கோயில் கணக்கர் பெல்வின் கொண்டுவந்து கொடுத்ததில் பாதி காரீயம். குரு தூங்கிக்கொண்டிருந்தார். உலையில் கொட்டியவள் இல்சா. வெள்ளம் வந்த இரவு மணி அடித்தார்கள், கீழ்த்தெருவுக்குக் கேட்கவில்லை. பழியை ஓட்ரிக் ஏற்றுச் சிறைக்குப் போனார். இல்சா வாய் திறக்கவில்லை. உடைந்த மணியில் ஒரு துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரவோடு இரவாக ஊரைவிட்டு வந்துவிட்டாள்."

இதைப் படித்த நிமிடம் எனக்கு மூன்று செஷன் கண்ணில் தெரிந்தன. இல்சா ஒரு காரியம் செய்திருக்கிறாள், ஒரு காரியம் செய்யாமல் விட்டிருக்கிறாள். இரண்டுக்கும் விலை கொடுத்தது வேறொருவர்.

தொழில் விவரம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கவனியுங்கள். மணி வார்க்கும் வெண்கலத்தில் செம்பு நான்கு பங்கு என்றால் வெள்ளீயம் சுமார் ஒரு பங்கு இருக்கும். காரீயம் கூடினால் நாதம் மழுங்கும். தோழி இதைத் தேடிப் படித்துவிட்டு எழுதினார். அரை மணி நேர வேலைதான். ஆனால் "தொழிலைக் கற்றாள்" என்ற வெற்று வரி ஒரு குற்றமாக மாறியது இந்த ஒரு விவரத்தால்தான். உங்கள் கேரக்டர் மீனவன் என்றால் வலையைப் பற்றி, திருடன் என்றால் பூட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயமாவது சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 3: பிடிகளை எண்ணுங்கள்

எழுதியதைத் திரும்பப் படித்து, ஜிஎம் பிடித்து இழுக்கக்கூடியவற்றை அடிக்கோடிடுங்கள். நான் எதிர்பார்ப்பது இவை: உயிரோடிருக்கும் இரண்டு மூன்று பேர், திரும்பிப் போகக்கூடிய ஓர் இடம், கையில் ஒரு பொருள், தீராத ஒரு கடன், பதில் தெரியாத ஒரு கேள்வி.

"உயிரோடிருக்கும்" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். முன்கதையில் அப்பா, அம்மா, அண்ணன், நாய் எல்லாரையும் கொன்றுவிட்டு வருபவர்கள் அதிகம். பெரும்பாலும் பயம்தான் காரணம், ஜிஎம் பிடித்து வைத்து மிரட்டுவார் என்று. செத்தவர்கள் கடிதம் எழுத மாட்டார்கள், கடன் கேட்டு வர மாட்டார்கள், வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்கள். உயிரோடிருக்கும் ஓர் அத்தை, அதுவும் கொஞ்சம் வாய்த்துடுக்கான அத்தை, செத்துப்போன அரச குடும்பத்தைவிட ஆட்டத்துக்கு நூறு மடங்கு உதவுவாள்.

இல்சாவிடம் எண்ணிப் பாருங்கள். ஆட்கள்: சிறையில் ஓட்ரிக், கோயிலில் பெல்வின். இடம்: கார்வென். பொருள்: மணித் துண்டு. கடன்: குருவுக்கு ஒரு வாக்குமூலம். கேள்வி: பெல்வின் தெரிந்துதான் காரீயத்தைக் கொடுத்தாரா?

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தோழிக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. பதில் ஜிஎம்முடையது. முன்கதையில் ஒரு கேள்வியை உண்மையாகவே திறந்து விடுவது பலருக்குக் கைவராத வேலை, ஏனென்றால் எழுத உட்கார்ந்தால் பதிலையும் எழுதிவிடத்தான் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். பதில் எழுதிவிட்டால் ஆட்டத்தில் உங்களுக்கு ஆச்சரியப்பட எதுவும் மிஞ்சாது.

நீளம்? 250 சொல் போதும். 400 தாண்டினால் வெட்டுங்கள். உங்கள் ஆசைக்கு நாற்பது பக்கம் எழுதி நீங்களே வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு சுகம் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஜிஎம்முக்கு ஒரு பக்கம் மட்டும் அனுப்புங்கள்.

படி 4: பக்கத்து ஆளோடு ஒரு முடிச்சு

நான்கு பேர் தனித்தனியாக எழுதினால் நான்கு தனிக்கதைகள் வரும். முதல் செஷனில் நால்வரும் ஒரு சத்திரத்தில் முன்பின் தெரியாதவர்களாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆன்லைனில் இது இன்னும் மோசம். எல்லாரும் மைக்கை மியூட் செய்துவிட்டு யார் முதலில் பேசுவது என்று காத்திருப்பார்கள்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொருவரும் இன்னொருவர் கேரக்டரோடு ஒரு வரித் தொடர்பு எழுத வேண்டும். 2012-ல் வந்த டன்ஜன் வேர்ல்ட் என்ற ஆட்டம் இதைக் கேரக்டர் ஷீட்டிலேயே (கேரக்டரின் விவரத்தாளிலேயே) கோடிட்ட இடமாக அச்சிட்டு வைத்தது. "இன்னாரை நான் ஒருமுறை ஏமாற்றியிருக்கிறேன்" மாதிரி வாக்கியங்கள், பெயரை மட்டும் நிரப்ப வேண்டும். நீங்கள் எந்த ஆட்டம் ஆடினாலும் இதைக் கடன் வாங்கலாம். எங்கள் டேபிளில் இல்சாவும் குழுவின் திருடனும் போட்டுக்கொண்ட முடிச்சு: அவள் ஊரைவிட்டு வந்த இரவில் காசு வாங்காமல் படகேற்றியவன் அவன். ஏன் காசு வாங்கவில்லை என்று அவன் இன்னும் சொல்லவில்லை.

படி 5: ஜிஎம் கையில் கொடுக்கும்போது

கதையோடு மூன்று குறிப்பு சேர்த்து அனுப்புங்கள். எது எல்லோருக்கும் தெரியும், எது ரகசியம், எதைத் தொடக் கூடாது. "ஓட்ரிக்கை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், சிறையில் சித்திரவதைக் காட்சி மட்டும் வேண்டாம்" என்று தோழி எழுதியிருந்தார். இப்படித் தெளிவாகச் சொல்லிவிட்டால் ஜிஎம் தைரியமாக மற்றதில் கை வைக்கலாம்.

படி 6: ஜிஎம்மின் வேலை தொடங்குகிறது

இனி ஜிஎம்களிடம் பேசுகிறேன். முன்கதை வந்ததும் "சூப்பர்" என்று ஒரு ஸ்மைலி போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நானும் செய்திருக்கிறேன். ஆறாம் செஷனில் ஒரு பிளேயர், "என் அக்காவைப் பற்றி எழுதினேனே, படிச்சீங்களா?" என்று கேட்டார். படித்திருந்தேன், நினைவில் இல்லை. அடுத்த மாதம் அவர் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்துக்கொண்டேன். பிளேயருக்கு ஒரு வரிசை. கட்டங்களில் ஆட்கள், இடம், பொருள், கடன், கேள்வி. கடைசிக் கட்டம்தான் முக்கியமானது: கடைசியாக எந்தத் தேதியில் தொட்டேன்? செஷனுக்குத் தயார் செய்யும்போது முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தை. யாருடைய வரிசை நான்கு செஷனாகத் தூசி பிடித்துக் கிடக்கிறதோ அவர் பக்கம் ஒரு நூலை விடுவேன். பெரிதாக வேண்டாம், சந்தையில் அவர் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் கூடப் போதும்.

படித்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியாவது கேளுங்கள். பதிலுக்காக மட்டும் இல்லை. நீங்கள் படித்தீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

படி 7: ஆட்டத்தில் இறக்குவது

எனக்குத் தெரிந்த ஒழுங்கு: முதலில் ஒரு வாசனை, அப்புறம் ஒரு ஆள், கடைசியில் ஒரு முடிவெடுக்கும் தருணம். மூன்றையும் ஒரே செஷனில் கொட்டினால் அஜீரணம். இடையில் இரண்டு மூன்று செஷன் விடுங்கள்.

இல்சாவுக்கு வாசனை வந்தது ஐந்தாம் செஷனில். குழு ஒரு சந்தை ஊருக்குள் அந்தி நேரத்தில் நுழைகிறது. கோயில் மணி அடிக்கிறது. இதற்காக ஒரு மணியோசைப் பதிவை எடுத்து, கூர்மையான அலைவரிசைகளைக் குறைத்து, நாதம் இல்லாமல் "டொக்" என்று கேட்கும்படி செய்து ஃபவுண்ட்ரியின் பாடல் பட்டியலில் போட்டு வைத்திருந்தேன். மூன்று முறை ஒலிக்க விட்டேன். மற்ற மூவரும் சத்திரத்தில் இடம் இருக்குமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தோழிக்கு மட்டும் தனிச் செய்தி அனுப்பினேன். ஒரே சொல்: "காரீயம்."

மைக்கில் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு இல்சாவின் குரல்: "இங்கேயிருந்து ஆறு எவ்வளவு தூரம்?"

திருடனாக ஆடுபவர், "எதுக்குக் கேக்கறே?" என்றார். "சும்மா" என்றாள் இல்சா. சும்மா இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குத் தெரிகிறதா இல்லையா என்று தீர்மானிக்க இங்கே நான் டைஸ் உருட்டச் சொல்லவில்லை. மணி வார்ப்பவளுக்கு மணியின் குறை தெரியும், அவ்வளவுதான். முன்கதை உரிமையாகத் தரும் அறிவை டைஸுக்குப் பின்னால் பூட்டி வைக்காதீர்கள். உருட்டி, 3 விழுந்து, "உனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொல்ல நேர்ந்தால் ஐந்து வாரத் தயாரிப்பு வீண். யார் கலந்தது, எப்போது கலந்தது என்று ஆராயப் புகுந்தால் அப்போது உருட்டட்டும்.

தனிச் செய்தி ஆன்லைன் ஆட்டத்துக்குக் கிடைத்த வரம். நேரில் ஆடினால் சீட்டு எழுதி நீட்ட வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள். இங்கே யாருக்கும் தெரியாமல் ஒருவர் காதில் மட்டும் ஓதலாம். ஆனால் அளவோடு. ஒரு செஷனுக்கு இரண்டு முறைக்கு மேல் போனால் மற்றவர்கள் சாட் ஜன்னலில் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். தனி அறைக்கு அழைத்துப் போய்ப் பேசுவதென்றால் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். எங்கள் டேபிளில் சென்னையில் இரவு 9 மணிக்குத் தொடங்கினால் சிங்கப்பூரில் இருப்பவருக்கு 11.30. அவரைப் பத்து நிமிடம் சும்மா உட்கார வைத்தால் தூங்கிவிடுவார். ஒருமுறை தூங்கியே விட்டார், குறட்டை மைக்கில் கேட்டது.

ஆள் வந்தது எட்டாம் செஷனில். பெல்வின் இப்போது அந்தச் சந்தை ஊர்க் கோயிலுக்குக் கணக்கர், இல்சாவை அடையாளம் தெரியவில்லை. வில்லனாக அவரைக் காட்டவில்லை, களைத்த, தலை நரைத்த மனிதர். முடிவெடுக்கும் தருணம் பன்னிரண்டில். மழை வலுக்கிறது, இந்த ஊர் மணியும் கேட்காது. ஊரை எழுப்ப வேண்டுமானால் மணி ஏன் கேட்காது என்று சபை நடுவே இல்சா சொல்லியாக வேண்டும். சொன்னால் தன் குற்றமும் வெளியே வரும்.

ஜிஎம்கள் தவிர்க்க வேண்டியவை என்று இரண்டு சொல்வேன். முதலாவது, முன்கதையில் அன்பாக எழுதப்பட்டவரை எடுத்த எடுப்பில் கொல்வது. கொன்றால் ஒரு காட்சி கிடைக்கும். அந்த மனிதருக்கு ஓர் உதவி தேவைப்பட்டால் ஐந்து காட்சி கிடைக்கும். ஒருமுறை கொன்றுவிட்டால் டேபிளில் இருக்கும் மற்றவர்களும் அடுத்த ஆட்டத்துக்கு அனாதைகளாகவே வருவார்கள்.

இரண்டாவது, நான்கு முன்கதைக்கும் ஒரே வில்லனைக் காரணமாக்குவது. கேட்கும்போது கச்சிதமாகத் தோன்றும். ஆடும்போது உலகமே ஒரு தெரு அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டு பேரின் கதைகள் எங்காவது உரசிக்கொண்டால் போதும்.

படி 8: பிளேயர் தன் முன்கதையை எப்படி வெளியே விடுவது

யாரும் கேட்காதபோது நெருப்பருகே உட்கார்ந்து, "என் கதையைச் சொல்கிறேன் கேளுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்படி நடந்துகொள்ளுங்கள், அவர்களே கேட்பார்கள். இல்சா ஒவ்வொரு ஊரிலும் கோயில் மணியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தங்குவாள். நான்காம் ஊரில் குழுவின் மந்திரவாதி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். கேட்டபோதும் அவள் பாதிதான் சொன்னாள். மீதியைச் சபை நடுவில்தான் கேட்டோம்.

தமிழில் ஆடுபவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்குமே ஒரே முன்னிலைச் சொல்தான். நம் மொழியில் நீ, நீங்க, வாடா, வாங்க என்று ஒவ்வொன்றிலும் உறவு தெரிந்துவிடும். உங்கள் கேரக்டர் யாரை எப்படி அழைக்கும் என்று முன்பே எழுதி வையுங்கள். இல்சா பெல்வினிடம் எட்டாம் செஷன் முழுக்க "ஐயா, நீங்க" என்றுதான் பேசினாள். பன்னிரண்டாம் செஷனில் சபை நடுவே, "நீ குடுத்தது வெள்ளீயம் இல்ல" என்றாள். அந்த "நீ" விழுந்ததும் அடுத்த வாக்கியம் தேவைப்படவில்லை. ஓட்ரிக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் கடைசிவரை "அவர்" மாறவே இல்லை.

எழுத்தில் ஆடினால், பெரிய சர்வரில் ஆடினால்

எழுத்தாட்டத்தில் ஒரு ஆபத்து உண்டு. இடம் தாராளமாக இருப்பதால் கேரக்டரின் மனதுக்குள் ஓடும் பழைய நினைவுகளை ஐந்து பத்தி எழுதிவிடுவோம். மற்ற கேரக்டர்களுக்கு அது கேட்காது, பார்க்க முடியாது, எனவே பதில் எழுதவும் முடியாது. நினைவு இரண்டு வரி போதும். ஒவ்வொரு பதிவும் இன்னொருவர் பதில் தரக்கூடிய ஒரு செயலிலோ பேச்சிலோ முடியட்டும்.

2002-ல் பயோவேர் உருவாக்கிய நெவர்விண்டர் நைட்ஸ் என்ற கணினி ஆட்டத்தில் ஜிஎம்களுக்கென்றே தனி நிரல் இருந்தது. ஆட்டம் ஓடும்போதே உள்ளே நுழைந்து ஒரு கடைக்காரனின் உடம்பில் ஏறிப் பேசலாம், ஓநாய்க் கூட்டத்தை இறக்கலாம். அந்த மாதிரி எந்நேரமும் ஓடும் சர்வர்களில் ஜிஎம் உங்கள் முன்கதையைப் படிக்க நேரம் கிடைக்காது, ஆள் அதிகம். அங்கே முன்கதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேரக்டரை உற்றுப் பார்த்தால் வரும் வருணனையில், "இடுப்புப் பையிலிருந்து நடக்கும்போதெல்லாம் உலோகம் உரசும் சத்தம்" என்று போடுங்கள். "குருவுக்குத் துரோகம் செய்தவள்" என்று போடாதீர்கள். பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

படி 9: மாற்ற வேண்டியதை மாற்றுங்கள்

மூன்றாம் செஷனுக்குப் பிறகு உங்கள் கேரக்டர் நீங்கள் எழுதியதைப் போல இல்லை என்று தெரியவரும். முசுடு என்று எழுதியிருப்பீர்கள், ஆட்டத்தில் வாய் ஓயாமல் ஜோக் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆட்டத்தில் இன்னும் வெளிவராத எதையும் ஜிஎம்மைக் கேட்டுவிட்டு மாற்றலாம். வெளிவந்ததை மாற்றாதீர்கள், அதற்கு வேறு விளக்கம் கண்டுபிடியுங்கள். முசுடாக இருந்தவனுக்கு இந்தக் குழு கிடைத்தபின் பேச ஆள் கிடைத்துவிட்டது, சரி, அதுவும் கதைதான்.

முன்கதையில் ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டுப் புது வரி எழுதுங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஜிஎம்மும் அதே கட்டத்தை மாற்ற வேண்டும். பன்னிரண்டாம் செஷனில் ஊர் பிழைத்தது. புது மணி வார்க்க வேண்டியிருந்தது, இல்சா தன் பையிலிருந்த துண்டையும் உலையில் போட்டாள். மறுநாள் காலையில் தோழியிடமிருந்து திருத்திய ஷீட் வந்தது. "பொருள்" என்ற இடத்தில் மணித் துண்டை அடித்திருந்தார். "கடன்" என்ற இடத்தில் குருவின் பெயர் அப்படியே இருந்தது, கீழே புதிதாக ஒரு வரி: சந்தை ஊர் வணிகருக்கு, நல்ல வெள்ளீயம் வாங்கிய வகையில், 40 பொற்காசு.